வைத்தியரிடம் கேளுங்கள்: சிறுநீர்ப்பைக்கு நரம்புத் தூண்டி

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, சிறுநீர்ப்பைக் கோளாறுகளுக்காக உடலில் பொருத்தப்படும் நரம்புத் தூண்டியைப் பற்றியவை. அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவதை எழுதியவருக்கு முதற் கடிதத்துக்கான பதிலே போதும். வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய் என்பதால் எல்லோரும் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 58. ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆறு ஆண்டுகளாகச் சலத்தை அடக்க முடியாத தொல்லை. வெளியே போய்வந்து வீட்டுக் கதவில் திறப்பைப் போடும்போதே கசிந்துவிடுகிறது. மூன்று வகை மாத்திரைகள் எடுத்துப் பார்த்துவிட்டேன். வாய் வறண்டதுதான் மிச்சம். நீரிழிவும் இருக்கிறது. விசேட வைத்திய நிபுணர், இடுப்பின் பின்புறத்தில் நரம்புக்கு மின்துடிப்புக் கொடுக்கும் கருவி ஒன்றைப் பொருத்தலாம், முதலில் இரண்டு வாரம் பரீட்சித்துப் பார்ப்போம் என்கிறார். முள்ளந்தண்டுக்குள் கரண்ட் பாய்ச்சுவதா என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். இது இன்னும் பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சையா? சம்மதிப்பதானால் நான் எப்படித் தயாராக வேண்டும்?
— ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: வீட்டாரின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் இடுப்புக்கு மேலேயே, முதலாம் இரண்டாம் நாரி முள்ளென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. நீங்கள் கேட்கும் கருவியின் கம்பி அதற்கு வெகு கீழே, வால் எலும்புக்குச் சற்று மேலுள்ள முக்கோண எலும்பில் இயற்கையாகவே இருக்கும் துளைகளில் மூன்றாவதன் வழியாக, சிறுநீர்ப்பையையும் மலவாயையும் ஆளும் நரம்பின் பக்கத்தில் போய் நிற்கிறது. அந்தக் கம்பியின் நுனியில் நான்கு மின்முனைகளும், கம்பி நழுவாமல் பிடித்துக்கொள்ள மெல்லிய பிளாஸ்டிக் முட்களும் இருக்கும். மறுமுனை, தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு கருவியோடு பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கு அடியில் இணைக்கப்படும். அதிலிருந்து வரும் மென்மையான துடிப்புகள் சிறுநீர்ப்பையை அழுத்துவதுமில்லை, பூட்டுவதுமில்லை. சிறுநீர்ப்பைக்கும் மூளைக்கும் இடையே ஓடும் பதற்றமான செய்திகளைத் தணிக்கின்றன, அவ்வளவுதான். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எமில் தனாகோ, றிச்சர்ட் ஷ்மிட் ஆகிய இருவரும் 1980களின் தொடக்கத்தில் இதை மனிதரில் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் அடக்க முடியாத கசிவுக்கு 1997இலும், அடைப்பில்லாமலே சலம் தேங்கும் நிலைக்கு 1999இலும் அனுமதி அளித்தது. ஆகவே இது பரிசோதனை முயற்சி அல்ல. ஆனால் எல்லோருக்கும் பலிக்கும் சிகிச்சையும் அல்ல. அதனால்தான் உங்கள் நிபுணர் இரண்டு வாரப் பரீட்சை என்கிறார்.

இனித் தயாராவது. பெரும்பாலானோர் தயாராவது என்றால் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு சாப்பிடாமல் இருப்பது என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்தச் சிகிச்சையின் முடிவைத் தீர்மானிப்பது அதற்குப் பல வாரங்களுக்கு முன்பு உங்கள் மலசலகூடத்தில் வைக்கப்படும் ஓர் அளவுக் கோப்பைதான். தொடர்ந்து மூன்று நாட்களுக்கு, எழுந்த நேரம், படுத்த நேரம், குடித்த ஒவ்வொன்றின் அளவு, கழித்த ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிலீற்றர், அவசரம் எவ்வளவு, கசிந்ததா, கசிந்தால் சில துளிகளா உடை மாற்றுமளவுக்கா, எத்தனை அணையாடை என்று எழுத வேண்டும். காலையில் பல் துலக்கும் முன் குடிக்கும் தண்ணீரும், பத்து மணி வெறுந்தேநீரும், சோற்றோடு ஊற்றிக்கொண்ட ரசமும் கணக்கில் சேரும். விரத நாள், கலியாண வீடு, தூரப் பயணம் என்று வழக்கத்துக்கு மாறான நாட்களைத் தவிர்த்து, சாதாரணமான மூன்று நாட்களைத் தெரிந்தெடுங்கள்.

இதைப் பலர் ஒரு சடங்காகவே செய்கிறார்கள். ஒருவர் என்னிடம் கொண்டுவந்த மூன்று நாள் பதிவில் இரவு இரண்டு மணி எழுத்தும் மத்தியானம் ஒரு மணி எழுத்தும் ஒரே நீலப் பேனையில், ஒரே சாய்வில், அளவெல்லாம் 200, 200, 200 என்று வரிசையாக இருந்தன. வெளியே வாங்கில் இருந்து எழுதி முடித்தாரா என்று கேட்டபோது சிரித்துவிட்டார். அவர் ஏமாற்றியது என்னையல்ல. பரீட்சை வாரங்களில் வரும் எண்களை ஒப்பிடுவதற்கு இந்த முதற் பதிவைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. அது பொய்யானால் கருவி வேலை செய்கிறதா என்பதை எவராலும் சொல்ல முடியாது.

அந்தப் பதிவு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் நூறு, நூற்றைம்பது மில்லிலீற்றர் மட்டுமே வருகிறது, ஆனால் நாளொன்றுக்குப் பதினான்கு தடவை ஓட வேண்டியிருக்கிறது என்றால், பதற்றமான சிறுநீர்ப்பை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கருவி அதற்கானதுதான். ஒவ்வொரு முறையும் முந்நூறு, நானூறு வருகிறது, நாள் முழுவதற்கும் மூன்று லீற்றரைத் தாண்டுகிறது என்றால், சிறுநீர்ப்பை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. பிழை சீனியிலோ குடிக்கும் அளவிலோ இருக்கிறது. பகலில் குறைவாகவும் இரவில் மட்டும் அதிகமாகவும் வருமானால், மாலையில் கால் வீங்குகிறதா, இதயமும் சிறுநீரகமும் எப்படி, குறட்டையோடு மூச்சுத் தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்சொன்ன இரண்டு நிலையிலும் நரம்பைத் தூண்டிப் பயனில்லை.

உங்களுக்கு நீரிழிவு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எம்பக்லிஃப்ளோசின், டபக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றியே வேலை செய்கின்றன. சீனி போகும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகும். இவற்றில் ஒன்றை நீங்கள் எடுக்கிறீர்களானால், சிறுநீர்ப்பை நிபுணருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நீரிழிவு கிளினிக் கொப்பி ஒரு பையிலும் இந்த நோய்க்கான கோவை இன்னொரு பையிலும் இருப்பதே நம் ஊர் வழக்கம். இரண்டையும் ஒன்றாகக் கொண்டு போங்கள். நீர்முள்ளிக் குடிநீர், பார்லித் தண்ணீர் என்று வீட்டில் யாராவது கொடுப்பதையும் மறைக்க வேண்டாம். அவை சலத்தைப் பெருக்குவதற்கென்றே குடிக்கப்படுபவை. பதிவு நாட்களிலும் பரீட்சை வாரங்களிலும் வேண்டவே வேண்டாம்.

சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை சத்திரசிகிச்சைக்கு முன் கட்டாயம். கிருமித் தொற்று இருந்தால் அதை மாற்றியபின்தான் நாள் குறிப்பார்கள். தோலுக்கடியில் வைக்கும் கருவியில் கிருமி குடியேறினால் பெரும்பாலும் கருவியையே கழற்ற வேண்டிவரும். அதே காரணத்தால் சீனிக் கட்டுப்பாடும் முக்கியம். கடந்த சில மாதச் சீனி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருக்கச் சொல்லும் நிபுணர்கள் பலர். முதுகிலோ பிட்டத்திலோ பரு, சிரங்கு, சொறிந்த காயம் இருந்தால் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தை உங்களால் பார்க்க முடியாது என்பதால் மகளையோ தங்கையையோ பார்க்கச் சொல்வது நல்லது.

அடுத்து, ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரம் எதிலும் நான் காணாத ஒரு தயாரிப்பு: சொற்கள். கம்பியைச் செலுத்தும்போது நீங்கள் குப்புறப் படுத்திருப்பீர்கள். அனேகமாக அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்து, அரைத் தூக்கத்தில் வைத்திருப்பார்கள். எக்ஸ்கதிர்ப் படத்தில் இடத்தைப் பார்த்துத் துடிப்பைக் கொடுத்ததும், மலவாய்த் தசை உள்ளிழுபடுகிறதா, காற்பெருவிரல் மடங்குகிறதா என்று நிபுணர் கவனிப்பார். உங்களிடமும் ‘எங்கே தெரிகிறது?’ என்று கேட்கக்கூடும். பிறப்புவாயிலும் அதற்கும் மலவாய்க்கும் இடையிலும் குறுகுறுப்போ தட்டுவதுபோன்ற உணர்வோ தெரிந்தால் கம்பி சரியான இடத்தில் இருக்கிறது. காலிலோ தொடையின் பின்புறத்திலோ இழுத்தால் மாற்ற வேண்டும். நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் ‘கீழே’ என்று ஒரே சொல்லைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்பவர்கள் சிங்களமும் ஆங்கிலமும் பேசுபவர்களாக இருந்தால் அந்த ஒரு சொல்லும் பாதிவழியில் தொலைந்துபோகும். முதல்நாள் ஒரு தாளில் வரைந்து, முன்பக்கம் ஒன்று, நடு இரண்டு, மலவாய் மூன்று, தொடை நான்கு, கால் ஐந்து என்று இலக்கமிட்டு, நிபுணரிடமும் தாதியிடமும் காட்டி வைத்துக்கொள்ளுங்கள். எண் சொல்வதில் கூச்சமுமில்லை, மொழித் தடையுமில்லை. ஆசிரியைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

குப்புறப் படுத்துப் பழகுவதும் உதவும். கழுத்து வலியோ தோள் வலியோ உள்ளவர் ஒரு வாரம் முன்பிருந்தே வயிற்றுக்கடியில் தலையணை வைத்துத் தினமும் கால்மணி நேரம் படுத்துப் பார்த்து, முடியாவிட்டால் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கருவி எங்கே இருக்கப்போகிறது என்பதிலும் உங்களுக்குக் குரல் இருக்கிறது. நீங்கள் சேலை உடுத்துபவர் என்றே நினைக்கிறேன். மாலையில் பாவாடையை அவிழ்க்கும்போது இடுப்பைச் சுற்றி நாடா பதிந்த சிவந்த தடம் இருக்குமல்லவா? அந்தத் தடத்தின்மேல் கருவி வந்தால் ஒவ்வொரு நாளும் அறுக்கும். எனவே ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வழக்கமாக உடுத்தும் பாவாடையோடு போய், நின்றபடியும் கதிரையில் இருந்தபடியும் தடத்துக்குக் கீழே, இருக்கும்போது அழுந்தும் எலும்புக்கு மேலே, பேனையால் அடையாளமிடச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பக்கம் சரிந்து தூங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மற்றப் பக்கம் வைப்பார்கள். ஆண்களானால் சாரத்தை மடித்துச் செருகும் இடமும் பின்பையில் பேர்ஸ் வைக்கும் பக்கமும் கணக்கில் வர வேண்டும்.

பரீட்சைக் காலத்தில் கம்பி உள்ளே இருக்கும், தூண்டி வெளியே, இடுப்பில் கட்டிய பட்டியில் இருக்கும். சில இடங்களில் மெல்லிய தற்காலிகக் கம்பியோடு ஒரு வாரத்துக்குள் முடிப்பார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பதுபோல நிரந்தரக் கம்பியையே முதலிற் செருகி இரண்டு வாரம் பார்ப்பதும் உண்டு. இந்த நாட்களில் தலைக்கு ஊற்றிக் குளிக்க முடியாது. ஈரத் துவாயால் துடைத்துக்கொள்ளலாம். வியர்வையில் பிளாஸ்டர் கிளம்பினால் நீங்களே கழற்றி ஒட்டாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கேளுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் இது சிறிய சிரமமல்ல. தெரிவிருந்தால் ஏப்ரல் மாதத்தைத் தவிர்க்கச் சொல்வேன். முக்கியமாக, குடிப்பதைக் குறைக்காதீர்கள், புது மாத்திரை தொடங்காதீர்கள், தேநீரை விடாதீர்கள். நல்ல முடிவு வரட்டும் என்ற ஆசையில் பலர் பாதித் தண்ணீரோடு இரண்டு வாரத்தையும் ஓட்டிவிடுகிறார்கள். பிறகு கருவி பலித்ததா, தாகம் பலித்ததா என்று தெரிவதில்லை.

முன்பிருந்த தொல்லை பாதியாகவாவது குறைந்தால் நிரந்தரக் கருவியைப் பொருத்தலாம் என்பது உலகமெங்கும் வழங்கும் அளவுகோல். நாளுக்கு நான்கு தடவை கசிந்தது இரண்டாகவோ அதற்குக் குறைவாகவோ வந்திருக்க வேண்டும். அதோடு உங்கள் மனத்தையும் கேளுங்கள்: கதவில் திறப்பைப் போடும் அந்த நேரம் எப்படி இருந்தது? பாதியளவு குறையாவிட்டால் கம்பியை எடுத்துவிடுவார்கள். அதை நஷ்டமாக எண்ண வேண்டாம். பலிக்காத கருவியோடு வாழ்வதிலிருந்து அந்தப் பரீட்சை உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தசையைத் தளர்த்தச் சிறுநீர்ப்பைச் சுவரில் போடும் பொட்டுலினம் ஊசியும், கணுக்காலருகே ஊசி வைத்து வாரம் ஒருமுறை அரைமணி நேரம், பன்னிரண்டு வாரம் நரம்பைத் தூண்டும் முறையும் அப்போதும் இருக்கின்றன. பின்சொன்னதில் கத்தி படுவதேயில்லை. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே அதைப்பற்றி நிபுணரிடம் கேட்பது உங்கள் உரிமை.

சத்திரசிகிச்சை நாளைப்பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதை ஆஸ்பத்திரியே எழுதித் தரும். ஆறு மணி நேரம் முன்பு உணவை நிறுத்த வேண்டும். பால் தேநீர் உணவாகவே கணக்கு. வெறுந்தண்ணீர் வழக்கமாக இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். மேலே சொன்ன ‘ஃப்ளோசின்’ வகை மாத்திரைகளைக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். மெட்ஃபோர்மினையும் இன்சுலினையும் எப்படி மாற்றுவது என்பதை மயக்க மருந்து வைத்தியர் சொல்வார். அந்த இடத்து முடியை வீட்டில் சவர அலகால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும்.

கேள்வி: எனக்கு வயது 29. இரண்டு ஆண்டுகளாகச் சலம் தானாக வருவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை நானே குழாய் விட்டு எடுக்கிறேன். ஸ்கான், கமெரா எல்லாம் செய்து அடைப்பு எதுவும் இல்லை என்கிறார்கள். மனநோய் என்றுகூட ஒருவர் சொன்னார். இப்போதைய நிபுணர் நரம்புத் தூண்டி உதவும் என்கிறார். அடுத்த ஆண்டு பிள்ளை பெற விரும்புகிறோம். சுகம் வந்தால் நல்லூர்த் திருவிழாவில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிப்பதாக அம்மா என் சார்பில் நேர்த்தியும் வைத்துவிட்டார். என்ன செய்வது?
— தெஹிவளை வாசகி

பதில்: முதலில், இது மனநோய் அல்ல. இளம் பெண்களில் அடைப்பு எதுவும் இல்லாமல், சலவாயைச் சுற்றியுள்ள தசை தளர மறுப்பதால் சலம் தேங்கும் நிலையை லண்டனைச் சேர்ந்த வைத்தியர் கிளேர் ஃபவுலர் 1980களில் விவரித்தார். அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. உங்களுக்கு இருப்பது அதுதானா என்பதை உங்கள் நிபுணர் முடிவுசெய்வார். ஆனால் அந்த நிலையில் சலம் மீண்டும் தானாக வரச்செய்வதில் நல்ல பயன் தந்த சிகிச்சை இந்தத் தூண்டிதான் என்பதால், அவர் சொன்ன வழி சரியான வழியே.

உங்களுக்கான பதிவு ஆசிரியையினதைப் போன்றதல்ல. தானாக வந்தது எவ்வளவு, அதன்பின் குழாயில் எடுத்தது எவ்வளவு என்று இரண்டு நிரைகளில் எழுத வேண்டும். பரீட்சை தொடங்கியதும் முதல் நிரை வளர்ந்து இரண்டாவது நிரை சுருங்க வேண்டும். முதல் நாளே தானாக வந்துவிட்டது என்று குழாயை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போக வேண்டாம். நிபுணர் நிறுத்தச் சொல்லும்வரை வழக்கமான எண்ணிக்கையைத் தொடருங்கள். வலிக்கு எடுக்கும் மாத்திரைகளைப் பாருங்கள். கொடெயின், ட்ரமடோல் போன்ற அபின் வகை மருந்துகள் இந்நோயை மோசமாக்கும். பரசிற்றமோலுக்குள் கொடெயின் கலந்த மாத்திரைகளும் உண்டு என்பதால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

பிள்ளை விடயத்தை நாள் குறிக்கும் முன்பே பேசுங்கள். கம்பி வைப்பதற்கு எக்ஸ்கதிர் தேவை. ஆகவே அந்த நாளில் நீங்கள் கர்ப்பமாக இல்லை என்பது உறுதியாக வேண்டும். பின்னர் கருத்தரித்தால் கருவியைக் கழற்றுவதில்லை. பெரும்பாலான நிபுணர்கள் அது தெரிந்தவுடன் அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். அணைத்தால் சலம் மீண்டும் தேங்கலாம், அப்போது அந்த ஒன்பது மாதமும் குழாய்தான் துணை. எனவே உங்கள் குழப்பம் உண்மையில் ஒரு வரிசைப் பிரச்சினை: முதலில் கருவியா, முதலில் பிள்ளையா? குழாய் விடுவதில் உங்களுக்குத் தொற்று வராமல் போகிறது, வலியில்லை என்றால், பிள்ளை பிறந்தபின் கருவி என்பதும் நியாயமான தெரிவுதான். மாதத்துக்கு ஒரு முறை தொற்று வந்து காய்ச்சலில் படுக்கிறீர்கள் என்றால், கருவியை முன்னதாக வைத்து அது நிலைப்பட்டபின் கருத்தரிக்கலாம். எந்த முடிவானாலும் மகப்பேற்று வைத்தியரும் சிறுநீர்ப்பை நிபுணரும் ஒருவரோடொருவர் பேசியிருக்க வேண்டும். இடையில் செய்தி சுமப்பவராக நீங்கள் மட்டும் இருக்கக்கூடாது.

நேர்த்தியைப் பற்றி: கம்பியைச் சுற்றித் தழும்பு கட்டி அது இறுகும்வரை, ஏறக்குறைய ஆறு வாரம், குனிவது, இடுப்பைத் திருகுவது, கையை உயர்த்தி எட்டுவது, பாரம் தூக்குவது எதுவும் கூடாது. அடியழிப்பதில், பாரம் தூக்குவது தவிர, இவை எல்லாமே இருக்கின்றன. ஆறு வாரம் கடந்து நிபுணரும் சம்மதித்தபின் வரும் திருவிழாவில் செய்யுங்கள். நேர்த்திக்குக் காலக்கெடு வைப்பது நாம்தான், முருகன் அல்லர்.

கேள்வி: வயது 66. ஐந்து மாதத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அஸ்பிரினும் குளொப்பிடோக்ரெலும் எடுக்கிறேன். சலம் மெல்லிதாக, விட்டுவிட்டு வருகிறது, முடிந்ததாகத் தோன்றுவதில்லை. இரவில் நான்கு தடவை எழும்புகிறேன். தூண்டி வைத்தால் எல்லாம் சரியாகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எங்கே போகலாம்?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தூண்டிக்காக எங்கேயும் போக வேண்டாம், இப்போதைக்கு. நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் புரொஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை நெரிப்பதன் அடையாளம். வழி அடைபட்டிருக்கும்போது நரம்பைத் தூண்டுவது தண்ணீர்க் குழாயில் கல் சிக்கியிருக்க மோட்டரை மாற்றுவது போன்றது. அடைப்புள்ளவர்களுக்கு இந்தக் கருவி பொருத்தப்படுவதில்லை. முதலில் சல ஓட்டத்தின் வேகத்தையும், கழித்தபின் உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் அளந்து பாருங்கள். அனேகமாக மாத்திரையே போதுமாக இருக்கும்.

ஸ்டென்ட் வைத்து ஐந்தே மாதம் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை நீங்களாக ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. அவசரமில்லாத எந்தச் சத்திரசிகிச்சையையும் ஸ்டென்டின் வகையைப் பொறுத்து ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தள்ளிப்போடுவதே வழக்கம், அதையும் இதய வைத்தியர்தான் தீர்மானிப்பார். திடீரென்று சலம் முற்றாக நின்று அடிவயிறு முட்டினால் மட்டும், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு (வயது 70) பரீட்சை நன்றாகப் பலித்து, நிரந்தரக் கருவி வைக்க நாள் குறித்தாயிற்று. மின்னேற்றும் வகையா, மற்றதா என்று எங்களையே தெரிவுசெய்யச் சொல்கிறார்கள். முழங்கால் வலிக்கு வாரம் இரண்டு தடவை பிசியோதெரபிக்குப் போகிறார். டிசம்பரில் கனடாவிலுள்ள அக்காவிடம் போகவும் இருக்கிறார். வீட்டில் எதை மாற்ற வேண்டும்?
— வத்தளை வாசகர்

பதில்: பிசியோதெரபியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முழங்காலின் இரு பக்கமும் தட்டு வைத்து மின்னலைகளால் ஆழச் சூடேற்றும் டயத்தேமி என்ற சிகிச்சை, கருவி உள்ளவருக்கு உடலின் எந்தப் பகுதியிலும் கூடாது. அந்த அலைகள் கம்பியைச் சூடாக்கி நரம்பைக் கருக்கிவிடும். கருவி அணைத்திருந்தாலும் இது நடக்கும். ‘சூடு பிடிக்கிறார்கள்’ என்று அம்மா சொல்வது அதுவா, வெறும் வெந்நீர்ப் பையா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பார்த்து, அங்குள்ள பதிவேட்டில் அம்மாவின் பெயருக்கு நேரே எழுதச் செய்யுங்கள். எம்ஆர்ஐ ஸ்கான் வேறு கதை: இப்போது வரும் கருவிகள் பெரும்பாலும் நிபந்தனைகளோடு அதற்கு இடம் கொடுக்கின்றன. எந்த மாதிரி என்பதைக் கருவியோடு தரப்படும் அட்டையைப் பார்த்தே சொல்வார்கள். அந்த அட்டையை அடையாள அட்டையோடு ஒரே உறையில் வையுங்கள்.

வகையைத் தெரிவுசெய்வதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மின்னேற்றும் கருவி சிறியது, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் உழைக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் வாரம் ஒருமுறையோ சில வாரங்களுக்கு ஒருமுறையோ மின்னேற்றியைப் பிட்டத்தின்மேல் சரியாகப் பொருத்தி அசையாமல் இருக்க வேண்டும். மற்றதில் அந்த வேலையில்லை, பற்றரி தீர்ந்தால் மறுபடி ஒரு சிறு சத்திரசிகிச்சை. அம்மா கைத்தொலைபேசியைத் தானே சார்ஜ் செய்பவரா, அல்லது ஒவ்வொரு மாலையும் நீங்கள்தான் வயரைச் செருகுகிறீர்களா? இரண்டாவது என்றால் நான் மின்னேற்றாத வகையையே தெரிவேன். மின்வெட்டு பயப்படும் காரணமல்ல. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் இருட்டில் இருந்தோமே, அப்படியொரு நாளிலும் முன்னதாக மின்னேற்றி வைத்த கருவி நின்றிருக்காது.

வீட்டில்: முதல் ஆறு வாரத்துக்குத் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவுவதும், தண்ணீர் வாளியும், அரிசிப் பையும் அம்மாவின் கைக்கு வரக்கூடாது. பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டரை அவர் தொடுவதில்லை என்று நம்புகிறேன். குந்தும் மலசலகூடமானால் மேலே வைக்கும் கதிரை ஒன்றை வாங்கிவிடுங்கள். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு முச்சக்கரவண்டியில் வேண்டாம். கார் ஒன்றில், கருவியில்லாத பக்கம் சற்றுச் சரிந்து, தலையணையோடு வரட்டும். காயத்தில் சிவப்பு, சூடு, நீர் வடிதல், காய்ச்சல் எது கண்டாலும் குறித்த திகதி வரும்வரை பார்த்திராதீர்கள்.

டிசம்பர்ப் பயணத்துக்கு முன் ஆறு வாரம் முடிந்து ஒருமுறையாவது துடிப்பின் அளவைச் சரிபார்த்திருக்க வேண்டும். கட்டுநாயக்காவில் பாதுகாப்பு வாயிலுக்கு வந்ததும் அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லலாம். வாயிலுக்குள் நடக்கவே வேண்டும் என்றால், நிற்காமல் நடுவால் நடந்து போகட்டும், ஒரு கணம் துடிப்புக் கூடியதுபோல் தெரியலாம். சில வாயில்கள் கருவியை அணைத்துவிடுவதும் உண்டு. ஆகவே கருவியை இயக்கும் றிமோட்டைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக் கொடுங்கள். கருவி ஓடுகிறதா என்று பார்ப்பதற்கும், நின்றிருந்தால் மறுபடி போடுவதற்கும் அம்மாவுக்கு இங்கேயே நாலு தரம் செய்து பழக்கிவிடுங்கள், விமானத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.